‘இன்னாமா, வயிறே தெர்ல?’

வாசகர் கேள்வி – பதில்

கர்ப்ப காலத்தில் எடையைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைச் சமாளிப்பது எப்படி என்று கேட்டு, வடசென்னை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் அநேகம் பேர் ஒரு காலத்தில் உணவுண்ணும் கோளாறால் அவதிப்பட்டுத் தேறியவர்கள். மகப்பேறு மருத்துவர், மனநல ஆலோசகர், உணவியல் நிபுணர் மூவரும் கலந்து பேசிப் பதில் தந்திருக்கிறோம். பெயர்களைத் தவிர்த்துவிட்டோம்.

கேள்வி: எனக்கு 26 வயது. காலேஜ் படிக்கும்போது இரண்டு வருடம் சரியாகச் சாப்பிடாமல், எடை குறைந்து, மாதவிலக்கே நின்றுபோனது. அனொரெக்ஸியா என்றார்கள். சிகிச்சை எடுத்துத் தேறினேன். இப்போது ஐந்தாவது மாதம். ஒரே காம்பவுண்டில் ஆறு குடித்தனம். தண்ணீர் பிடிக்கப் போனால், ‘இன்னாமா, அஞ்சு மாசம்ன்றே, வயிறே தெர்ல?’ என்கிறார்கள். வீட்டுக்குள் வந்தால் நாத்தனார், ‘அண்ணி, மூஞ்சி நல்லா உப்பிடுச்சு’ என்கிறாள். முதல் பேச்சைக் கேட்டால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது. அந்தச் சந்தோஷம்தான் பயமாக இருக்கிறது. இரண்டாவதைக் கேட்டால் ராத்திரி சாப்பாடு இறங்குவதில்லை. இவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: அந்தச் சந்தோஷத்தைக் கண்டு நீங்கள் பயந்தது நல்ல அறிகுறி. குழந்தை மேல் உங்களுக்குப் பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தமே கிடையாது. ‘ஒல்லியா இருக்க’ என்ற சொல்லைப் பழைய நோய் பரிசாக வாங்கி வைத்துக்கொள்ளும். உடம்பு தேறிய பிறகும் அந்தப் பழக்கம் மனதில் கொஞ்ச காலம் ஒட்டியிருக்கும். ‘உப்பிடுச்சு’ என்ற சொல்லை அதே நோய் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும். பாராட்டோ பழியோ, இரண்டின் முடிவும் ஒன்றுதான்: அடுத்த வேளைச் சாப்பாடு குறையும். எனவே பேசியவருக்கு என்ன பதில் என்பதைவிட, அந்த அடுத்த வேளையை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் அவர்கள் சொல்வது உண்மையா என்று பார்த்துவிடுவோம். 20 வாரத்தில் கர்ப்பப்பையின் மேல்விளிம்பு தொப்புள் உயரத்துக்குத்தான் வந்திருக்கும். முதல் கர்ப்பத்தில் வயிற்றுத் தசை இறுக்கமாக இருப்பதால் அது வெளியே தள்ளித் தெரிய நாளாகும். உயரமானவர்களுக்கு இன்னும் தாமதமாகும். அதன் மேல் தொளதொள நைட்டியும் துண்டும் இருந்தால் டாக்டராலேயே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் டேப் வைத்து அளக்கிறார்கள். 24 வாரத்துக்குப் பிறகு, இடுப்பெலும்பின் முன்விளிம்பிலிருந்து கர்ப்பப்பையின் உச்சி வரை எத்தனை சென்டிமீட்டரோ, ஏறக்குறைய அத்தனை வாரம். 2 சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். அந்த அளவும் ஸ்கேனும் சரியாக இருந்தால் தண்ணீர்க் குழாயடியில் சொல்வதற்கு மருத்துவ மதிப்பு எதுவும் இல்லை.

முகம் உப்புவதற்கும் காரணம் உண்டு. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. உடம்பில் நீரும் சேர்கிறது. அது கொழுப்பு அல்ல. ஒன்றை மட்டும் அசட்டை செய்ய வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு முகமும் கையும் திடீரென வீங்கி, கூடவே விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஏதாவது இருந்தால் அன்றைக்கே பி.பி. பார்க்க வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வீட்டில் காத்திருக்கக் கூடாது.

இனி அந்த அடுத்த வேளை. ‘பசித்தால் சாப்பிடு’ என்ற யோசனை உங்களுக்குப் பொருந்தாது. அனொரெக்ஸியா இருந்தவர்களுக்குப் பசி உணர்வு நம்பகமான கடிகாரம் அல்ல. ஒரு பேச்சு போதும், பசி அணைந்துவிடும். அதனால் மணி பார்த்துச் சாப்பிடுங்கள். மூன்று வேளை உணவு, இடையில் மூன்று சிறு தீனி, விழித்திருக்கும் நேரத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். காலை 7 மணிக்குப் பால், 8.30-க்கு டிபன், 11-க்கு சுண்டலோ பழமோ, 1 மணிக்குச் சாப்பாடு, 4-க்குச் சத்துமாவுக் கஞ்சி, 7 மணிக்கு இரவு உணவு என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறையில் ஒட்டிவிடுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவும், அரசின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழமும் நெய்யும் இந்த இடைவேளைகளுக்கே போதும். நான்காவது மாதத்திலிருந்து கூடுதலாகத் தேவைப்படுவது பெரிய மலை அல்ல: இரண்டு இட்லி சாம்பாருடன், ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. கலோரிக் கணக்கை வேண்டுமென்றேதான் இங்கே எழுதவில்லை. உங்கள் போனில் கலோரி எண்ணும் ஆப் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

யாராவது ஏதாவது சொல்லிவிட்டால், ‘அடுத்த சாப்பாடு எத்தனை மணிக்கு?’ என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரம் வந்ததும் ஆசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தட்டைப் போட்டு உட்காருங்கள். தனியாக வேண்டாம், கணவரோ அம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும். முழுதும் இறங்கவில்லை என்றால் பாதியாவது சாப்பிட்டு, மீதியை அரை மணி கழித்து ஒரு டம்ளர் பாலாகவோ மோர்சாதமாகவோ ஈடுகட்டுங்கள். ‘நாளைக்குச் சேர்த்துச் சாப்பிடலாம்’ என்று தள்ளினால் அங்கேதான் வழுக்கும். விட்ட ஒரு வேளை மறுநாள் இரண்டாவது வேளையை இழுத்துக்கொண்டு போய்விடும்.

வாய்ப் பதிலைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்கம் கொடுத்தால் அடுத்த கேள்வி வரும். குழாயடியில், ‘டாக்டரம்மா டேப் வச்சு பாத்தாங்கக்கா, கொழந்த நல்லா வளருதுன்னாங்க. தண்ணி லாரி எத்தினி மணிக்கு வருது?’ என்றால் போதும். பேச்சு லாரிக்குப் போய்விடும். நாத்தனார் விஷயம் வேறு. தினம் பார்க்கும் ஆள். அவரிடம் ஒருமுறை, கோபம் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்: ‘எனக்கு முன்னாடி சாப்பாட்டு விஷயத்துல ஒரு நோய் இருந்துச்சும்மா. உடம்ப பத்தி யாரு என்ன சொன்னாலும், நல்லதா சொன்னாலும், எனக்கு சாப்பாடு இறங்காது. நீ அத மட்டும் பேசாத. வேற எது வேணா பேசு.’ ‘நல்லதா சொன்னாலும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், ‘ஒல்லியாத்தான் அழகா இருக்கீங்க’ என்று உதவி செய்ய ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: எனக்குப் புலிமியா இருந்தது. நிறைய சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பேன். மூன்று வருடமாக இல்லை. இப்போது மூன்றாவது மாதம், மசக்கை வாந்தி. பழைய ஞாபகம் வருகிறது. செக்கப்பில் நர்ஸ் எடையை எல்லோர் எதிரிலும் சத்தமாகச் சொல்கிறார். அடுத்த செக்கப்புக்குப் போகவே மனம் இல்லை. டாக்டரிடம் பழைய கதையைச் சொன்னால் ‘நீயேதான் வாந்தி எடுக்கிறாய்’ என்று நினைத்துவிடுவாரோ?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: செக்கப்பை விடாதீர்கள், டாக்டரிடம் மறைக்காதீர்கள். எடை பார்க்காமலும் விட முடியாது. ஏறாமல் நின்றாலும், ஒரே வாரத்தில் தாறுமாறாக ஏறினாலும், அது குழந்தை வளர்ச்சியைப் பற்றியோ பி.பி.யைப் பற்றியோ சொல்லும் தகவல். ஆனால் அந்த எண் உங்கள் காதில் விழவேண்டிய அவசியம் இல்லை.

வரிசையில் நிற்கும்போதே, மெஷினில் ஏறுவதற்கு முன், நர்ஸிடம் சொல்லுங்கள்: ‘சிஸ்டர், எனக்கு எடை நம்பர் தெரியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. வாயால சொல்லாம அட்டையில எழுதிடுங்க.’ செருப்பைக் கழற்றிவிட்டு, மெஷினின் எண் தெரியும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி ஏறுங்கள். தாய் சேய் நல அட்டையைக் கணவரோ அம்மாவோ வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளட்டும். வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான்: வீட்டுக்கு வந்து அட்டையைத் தனியாக எடுத்துப் பார்ப்பது. அட்டை அவரிடமே இருக்கட்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு எடை இருக்கும், அது குழந்தையுடையது. அதுவும் மதிப்பீடுதான், 10 முதல் 15 சதவீதம் முன்பின் இருக்கும்.

நர்ஸிடம் அப்படிச் சொல்ல முதலில் டாக்டரின் சம்மதம் வேண்டும். நேரில் பேச வாய் வராது என்றால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள்: ‘எனக்கு முன்பு புலிமியா இருந்தது. சாப்பிட்டு வாந்தி எடுப்பேன். மூன்று வருடமாக இல்லை. இப்போது மசக்கை வாந்தி தானாக வருகிறது. பழைய பழக்கம் திரும்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம். ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டுமா என்று சொல்லுங்கள்.’ பேதி மாத்திரை போட்ட பழக்கம் இருந்திருந்தால் அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடிக்கடி வாந்தி எடுத்தால் பொட்டாசியம் குறையும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். டாக்டர் உங்கள் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டியது இதற்காகத்தான், உங்களைச் சந்தேகிக்க அல்ல. சொன்ன பிறகும் ஒரு மருத்துவர் திட்டினால் வேறொருவரைப் பாருங்கள். உங்கள் பக்கம் தப்பில்லை.

மசக்கை வாந்தியைத் தாங்கிக்கொள்ள வேண்டியது இல்லை. கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. டாக்செலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்தது டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது. உங்களைப் போன்றவர்களுக்குச் சீக்கிரமே மாத்திரை தொடங்குவது நல்லது என்பது எங்கள் கருத்து. வாந்தி எடுத்ததும் வரும் அந்த ‘லேசான’ உணர்வுதான் பழைய பழக்கத்தைக் கூப்பிடும் குரல். படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே ஒரு ரஸ்க்கோ ஒரு கைப்பிடி பொரியோ வாயில் போடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் கூடத்தில், ஆட்களோடு இருங்கள். வாந்தி வந்துவிட்டால் உடனே பல் தேய்க்காதீர்கள். அமிலத்தில் மிருதுவான எனாமல் தேய்ந்துபோகும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி கழித்துத் தேயுங்கள். தண்ணீர்கூட நிற்கவில்லை, சிறுநீர் அடர்மஞ்சளாகிவிட்டது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கல் வரும். அப்போது பழைய பேதி மாத்திரைக்கோ, ‘ஸ்லிம் டீ’ என்று விற்கும் நிலாவரை கலந்த பொடிக்கோ கை போகலாம். வேண்டாம். தண்ணீர், கீரை, கொய்யா, அதற்கும் மசியாவிட்டால் டாக்டரிடம் கேட்டு இசப்கோல். இரும்பு மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். குறைந்தது 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

கிலோ எண்கள் மனதைக் குழப்பும் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஏறுகிற எடை எங்கே போகிறது என்று தெரிந்தால் சிலருக்கு நிம்மதி வருகிறது, அதனால் எழுதுகிறோம். குழந்தை ஏறக்குறைய 3 கிலோ, நஞ்சுக்கொடி 700 கிராம், பனிக்குட நீர் 800 கிராமிலிருந்து 1 கிலோ, கர்ப்பப்பை 1 கிலோ, மார்பகம் அரை கிலோ, கூடுதல் ரத்தம் ஒன்றரை கிலோ, உடல் நீர் ஒன்றரை கிலோ, பால் கொடுப்பதற்காக உடம்பு சேமிக்கும் கொழுப்பு 3 கிலோ. கூட்டினால் 12 கிலோவை ஒட்டி வருகிறது. ஒல்லியாகத் தொடங்கியவர்களுக்கு இதைவிடக் கூடுதலாக ஏற வேண்டும்.

வாந்தியை நீங்களாக வரவழைக்கத் தோன்றினால், ஒருமுறை நடந்துவிட்டாலும், 14416-க்கு போன் செய்யுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்க்க உங்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு பக்கம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிரசவத்துக்குப் பதிந்திருந்தால், அங்கிருந்தே ஸ்டான்லிக்குச் சீட்டு எழுதித் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: என் மருமகள் ஆறு மாசம். ‘ரெண்டு உசுருக்கு சாப்புடணும், நல்லா சாப்புடும்மா’ என்று சொன்னதற்கு அழுதுவிட்டாள். பிறகுதான் அவளுக்குச் சாப்பாட்டில் ஏதோ நோய் இருந்ததாக மகன் சொன்னான். பாசத்தில் சொன்னது தப்பா?
– ஒரு மாமியார், காசிமேடு

பதில்: தப்பில்லை அம்மா. கேட்டு எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்த வார்த்தையை இனி விட்டுவிடுங்கள். இரண்டு உயிருக்கு இரண்டு மடங்கு சாப்பாடு தேவையில்லை. அளவு மீறிச் சாப்பிட்ட பழக்கம் இருந்தவர்களுக்கு அது மறுபடி அள்ளச் சொல்கிற மாதிரி கேட்கும். பட்டினி கிடந்தவர்களுக்குத் தட்டே மிரட்டுகிற மாதிரி இருக்கும்.

உங்கள் பாசத்தை வாயால் சொல்வதைவிடக் கையால் காட்டுங்கள். காலையில் மீன் வாங்கப் போனால் நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி என்று சின்ன மீனாக வாங்குங்கள். புரதமும் நல்ல கொழுப்பும் கிடைக்கும், பாதரசம் குறைவு. சுறாவும் பெரிய வஞ்சிரமும் கர்ப்ப காலத்தில் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். குழம்பு வைத்து, தட்டில் அவளையே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் அள்ளிப் போடாதீர்கள், ‘இன்னும் கொஞ்சம்’ என்று நிற்காதீர்கள், அவள் தட்டையே பார்க்காதீர்கள். நீங்களும் தட்டு வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, சீரியல் கதையோ பக்கத்து வீட்டுக் கல்யாணமோ பேசுங்கள். சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிய பேச்சு மட்டும் கூடாது.

‘எத்தனை வேளை சாப்பிட்டாள்’ என்று மகனிடம் ரகசியமாகக் கணக்குக் கேட்காதீர்கள். ஆனால் நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருப்பது, சாப்பிட்ட உடனே கதவைத் தாழிட்டுக்கொள்வது, மயக்கம், குழந்தை அசைவு குறைந்தது என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் பேச ஆரம்பித்தால் நீங்களே, ‘எங்க வூட்ல எட பத்தி பேசறதில்ல’ என்று சொல்லிவிடுங்கள். மருமகள் பத்து முறை சொல்வதைவிட நீங்கள் ஒருமுறை சொல்வதற்கு அங்கே மதிப்பு அதிகம்.

கேள்வி: அடுத்த மாதம் வளைகாப்பு. நூறு பேர் வருவார்கள். ஐந்து வகைச் சாதம், எல்லோரும் ஊட்டிவிடுவார்கள், போட்டோ வேறு. நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அன்றைக்குச் சொல்லப்போகும் பேச்சுகள் பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்தவை. எனவே பொருளை வைத்தே பாதியைத் தடுத்துவிடலாம்.

வளையல்: ஏழாவது மாதத்தில் கை வீங்கியிருக்கும். நீங்கள் 2.4 போடுபவர் என்றால் 2.6 வாங்கி வையுங்கள். ‘வளையலே ஏறல, கை எவ்ளோ பெருத்துடுச்சு’ என்ற பேச்சு எழவே எழாது. பிளவுஸ்: எம்.சி. ரோட்டில் புடவை எடுத்த கையோடு தைக்கக் கொடுக்கும்போது, அளவைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொள்ளும்படி டெய்லரிடம் கேளுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அளவு கொடுங்கள், ஒரு மாதம் முன்பு அல்ல. இரண்டு பக்கமும் உள்ளே ஒரு இன்ச் துணி விடச் சொல்லுங்கள். இறுக்கமான பிளவுஸ் ஒன்று போதும், அன்று முழுக்கச் சாப்பாடு உள்ளே போகாது.

சாப்பாடு: ‘மத்தியானம் நிறைய சாப்பிட வேண்டியிருக்குமே’ என்று காலையில் பட்டினி இருக்காதீர்கள். கர்ப்பிணிக்கு அது மயக்கம். பழைய நோய்க்கு அது கதவைத் திறந்துவிட்ட மாதிரி. வழக்கமான நேரத்தில் வழக்கமான டிபன். ஊட்டிவிடுவதை மூன்று பேரோடு நிறுத்திக்கொள்ள அம்மாவிடம் இப்போதே பேசுங்கள்: அம்மா, மாமியார், மூத்த சுமங்கலி ஒருவர். சடங்கில் குறை ஒன்றும் வராது. உங்கள் பக்கத்து நாற்காலியில் நம்பிக்கையான ஒருத்தி உட்கார்ந்திருக்கட்டும், அக்காவோ தோழியோ. யாராவது வயிற்றை எட்டித் தொட்டு அளவு சொல்ல வந்தால் ‘சந்தனம் பூசுங்க அத்தே’ என்று கிண்ணத்தை நீட்டுவது அவள் வேலை. போட்டோவை அன்றிரவே பார்க்காதீர்கள். ஸ்டேட்டஸில் எதைப் போடுவது என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

கேள்வி: ஆடி வெள்ளி விரதம் இருக்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உணவுண்ணும் கோளாறு இருந்தவர்கள் கர்ப்ப காலத்தில் எந்த விரதமும் இருக்க வேண்டாம். யாரும் கேள்வி கேட்காத பட்டினி என்பதால் பழைய நோய் முதலில் ஒளிந்துகொள்ளும் இடம் அதுதான். ரமலான் நோன்பிலும் கர்ப்பிணிக்கு விலக்கு உண்டு. தவக்கால ஒருசந்தியும் கர்ப்பிணிக்குக் கட்டாயமில்லை. கோயிலுக்குப் போங்கள், கூழ் ஊற்றுங்கள், நீங்களும் ஒரு சொம்பு குடியுங்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து 12 நாள் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள், ‘இன்னொண்ணு உள்ள இருக்கா’ என்று என் வயிற்றைக் காட்டிச் சிரிக்கிறார்கள். பத்தியம் என்று சாப்பாடும் பாதியாகிவிட்டது. எனக்கு அது வசதியாகவே இருக்கிறது என்பதை உங்களிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். இதை இன்னும் ஒருவரிடம், வீட்டில் இருப்பவரிடம், இன்றே சொல்லுங்கள். பழைய நோய் திரும்ப வாய்ப்பு அதிகமுள்ள காலம் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள்தான்: தூக்கம் இல்லை, உடம்பு மாறியிருக்கிறது, எல்லோர் கண்ணும் குழந்தை மேல்.

1 கிலோ எடைக்கு வளர்ந்த கர்ப்பப்பை 100 கிராமுக்குக் கீழே சுருங்க ஏறக்குறைய 6 வாரம் பிடிக்கும். 12-வது நாளில் வயிறு தெரியத்தான் செய்யும். துணி கட்டினால் கர்ப்பப்பை சீக்கிரம் சுருங்காது. இறுக்கிக் கட்டினால் மூச்சும் சாப்பாடும்தான் தடைபடும். பால் கொடுக்கும் அம்மாவுக்குக் கர்ப்ப காலத்தைவிட அதிகச் சாப்பாடு வேண்டும். பத்தியத்தில் பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பருப்பு, பால், முட்டை எல்லாம் இருக்கட்டும். அளவைக் குறைக்கும் பகுதியை மட்டும் நிறுத்துங்கள். ராத்திரி பால் கொடுக்கும் இடத்தில், கை எட்டும் தூரத்தில், ஒரு டப்பாவில் பொட்டுக்கடலை உருண்டையும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருங்கள். குழந்தை ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் நீங்களும் ஒன்று சாப்பிடுங்கள்.

பார்க்க வருகிறவர்களை 6 வாரத்துக்குக் குறையுங்கள். ‘குழந்தைக்குக் கிருமி தொத்திடும்னு டாக்டர் சொன்னாங்க’ என்று கணவர் வாசலிலேயே சொல்லட்டும். பச்சைக் குழந்தை விஷயத்தில் அது பொய்யும் இல்லை. தொடர்ந்து இரண்டு வாரம் அழுகையும் வெறுப்புமாக இருந்தால், அல்லது குழந்தையையோ உங்களையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால், 42-வது நாள் செக்கப் வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே போங்கள், குழந்தையையும் கூட்டிக்கொண்டு.